வியாகுலத்தின் ஆட்சேபணைகள்

கடல் முதன்முதலாகச் சிரித்தது ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றே கால் மணிக்கு, சங்குவாய்ப்பட்டினம் கிளை நூலகத்தின் மூன்றாவது படியில் நின்றபடி. நான் அந்த ஊரில் மைக் செட் வைத்திருப்பவன், பெயர் லியோன், அந்த நேரம் எதிர்க் கம்பத்தில் ஏணி போட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன், ஆகையால் என் கண்ணுக்கு நேராக நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன் பதினோரு வருடமாகக் கடல் எங்களைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் கல்லறைத் தோட்டத்து மதிலை எடுத்தது, பிறகு கல்லறைகளை, பிறகு வலைக்கூடத்தை, பிறகு பந்து விளையாடும் மைதானத்தை, பிறகு முதல் வரிசை வீடுகள் நாற்பதையும், பல் இல்லாதவர் முறுக்கு தின்பதுபோல ஊறவைத்து ஊறவைத்து ஒவ்வொன்றாக எடுத்தது. அரசாங்கம் லாரி லாரியாகக் கல் கொண்டுவந்து கொட்டியது, கல்லையும் எடுத்துக்கொண்டது. அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், வறுத்த நெத்திலி சாப்பிட்டார்கள், போனார்கள். நாங்கள் பயந்தோம். கத்துகிற பயம் இல்லை. காலையில் கதவைத் திறக்கும் முன் குனிந்து, கதவுக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிற பயம். அதோடுதான் பல் துலக்கினோம், அதோடுதான் பிள்ளைகளுக்குத் தலை வாரினோம்.

நூலகர் அமலோற்பவம் அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கடல் இரண்டாவது படியில் இருக்கும்போது நூலகத்துக்கு யார் வருவார்கள், ஆனாலும் வேலை நேரம் என்று ஒன்று இருக்கிறதே என்று அக்கா தினமும் வந்து கதவைத் திறந்து, தனியாக உட்கார்ந்து, அலைச் சத்தம் காதில் விழாமல் இருப்பதற்காகக் கையில் கிடைத்த புத்தகத்தை உரக்கப் படிப்பார். அன்றைக்குக் கிடைத்தது அட்டை கிழிந்து பெயர் போன ஒரு நாவல். முதல் பக்கத்தில் பறக்கும் எருமை வருவதால் யாரோ அதைக் கால்நடை வளர்ப்பு அடுக்கில் வைத்துவிட்டிருந்தார்கள், முப்பது வருடமாக எவரும் தொட்டதில்லை. அதில் குகையில் புதையல் காக்கும் பூதம் ஒன்று கடலோரத்துக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பிக்கிறது, மருத்துவச் சான்றிதழையும் தானே எழுதித் தானே கையெழுத்துப் போட்டு, ‘மேற்படி பூதத்துக்குக் குகை ஒத்துக்கொள்ளவில்லை, இருட்டில் தன்னைக் கண்டே பயந்துகொள்கிறது’ என்று இணைக்கிறது. அக்கா அந்த வரியைப் படித்தபோது மூன்றாவது படிக்கு ஏறியிருந்த கடல் நின்றது, நடுங்கியது, பிறகு காலிக் கோடவுனில் பெரிய அண்டாவை உருட்டினால் வரும் சத்தத்தோடு சிரித்தது, சிரித்துக்கொண்டே பதினேழு அடி பின்னால் போனது.

ஏன் சிரித்தது என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் எத்தனை பக்கம் இருக்கிறது என்றுதான் கேட்டோம்.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருந்தது. நாளுக்கு இருபது பக்கம் என்று நான் மைக் வைத்துக் கொடுக்க, அக்கா கரையில் நாற்காலி போட்டுப் படித்தார், கடல் தினமும் பத்துப் பதினைந்து அடி பின்னால் போனது, படிக்காத ஞாயிற்றுக்கிழமை மூன்றடி முன்னால் வந்தது. ஒருமுறை கேட்ட பக்கத்துக்கு அது மறுமுறை சிரிக்கவில்லை. அதற்குக் கண் கிடையாது, காது மட்டும்தான் என்பதும் தெரிந்தது, ஏனென்றால் கூத்துக் கட்டியும் படம் போட்டும் காட்டியதெல்லாம் வீணாய்ப் போயிற்று. நாவல் முடியப்போகிறது என்றதும் ஊர் கூடி வேறு வகைப் புத்தகங்களைப் படித்துப் பார்த்தோம். குடும்பக் கதை படித்தோம். அழுதது, அழுதால் தண்ணீர் கூடும் என்ற சின்ன விஷயம் எங்கள் ஒருத்தர் மண்டையிலும் ஏறாததால் இரண்டு வள்ளம் போயிற்று. துப்பறியும் கதை படித்தோம்; பத்தாவது பக்கத்திலேயே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டதோ என்னவோ, சலித்துப்போய் நாலடி ஏறியது. மீனவர் படும் பாட்டைச் சொல்லும் கதை படித்தோம்; அந்தப் பாட்டையெல்லாம் படுத்தியதே அதுதான், அதற்கென்ன புதுசு. சிறுவர் கதை படித்த அன்றுதான் உண்மையில் நடுங்கிப்போனோம். ‘ஓர் ஊரில் ஒரு குட்டி அணில்’ என்று தொடங்கியதுமே, தன்னைச் சின்னப் பிள்ளை என்று நினைத்துவிட்டார்களே என்ற கோபத்தில் கடல் கறுத்து எழுந்து, பள்ளிக்கூடத்து மதில் ஐம்பதடியை ஒரே வாயில் எடுத்தது. ஆகவே பூதமும் எருமையும் வர வேண்டும், ஆனால் வளர்ந்தவர்கள் படிப்பதாக இருக்க வேண்டும், கெட்டிக்காரச் சிரிப்பு வேண்டும், நீதி சொல்லக் கூடாது.

“அப்படி ஒரு ரகம் எங்க கெடைக்கும்?” என்றார் பங்குச் சாமியார்.

“கெடைக்கும் சாமி. எங்கயாவது தப்பான அடுக்குல இருக்கும்” என்றார் அக்கா.

அதன்பிறகு அக்கா வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறினார். திருநெல்வேலியிலும் மதுரையிலும் பழைய புத்தகக் கடை கடையாக நின்று, “பெரியவங்க படிக்க மாதிரி, மாயாஜாலம் வரணும், சிரிப்பும் வரணும்” என்று கேட்டால், கடைக்காரர் சிறுவர் பக்கம் கையைக் காட்டுவார், அது இல்லை என்றால் பேய்க்கதைப் பக்கம், அதுவும் இல்லை என்றால், “யாருக்கும்மா, உங்களுக்கா?” என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். கடலுக்கு என்று சொல்ல முடியுமா. அக்கா தானே உட்கார்ந்து கிளறுவார். ராகு காலத்துக்கு வேலை போய்விட்டதைப் பற்றிய நாவல் சோதிட அடுக்கில் கிடைத்தது. புளி ஒத்துக்கொள்ளாததால் ராஜாவைத் தின்ன மறுக்கும் முதலையின் கதை சமையல் புத்தகங்களுக்கு நடுவில் கிடந்தது. ஒரு புளியமரத்துக்காக இரண்டு பேய்கள் நாற்பது வருடம் வழக்காடி, கடைசியில் மரமே சாட்சிக் கூண்டில் ஏறும் நாவல் சட்ட நூல்களோடு கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு புத்தகம் பத்து நாள் தாங்கும். பத்து நாள் தூங்குவோம், பதினோராவது நாளைப் பற்றிப் பயந்துகொண்டே தூங்குவோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதுவும் நாலு நாள் நடந்தால் போதும், அதை மண்டகப்படி ஆக்கிவிடுவார்கள். மாதா திருவிழாவில் பத்து நாளையும் ஆளுக்கொரு நாளாகப் பங்கு போட்டுச் செலவு ஏற்பதுபோல, கடலுக்குப் படிக்கும் நாட்களையும் பங்கு போட்டார்கள். திங்கள் லாஞ்ச் படகு உரிமையாளர்கள், செவ்வாய் கருவாட்டுக்காரப் பெண்கள், புதன் ஐஸ் கம்பெனி, வியாழன் ஆட்டோ சங்கம் என்று நாள் வகுத்து, அவரவர் நாளுக்கு அவரவர் புத்தகம் தேட வேண்டும் என்று பேச்சு. முதல் நாள் யாருக்கு என்பதில் அடிதடி வரை போய், கடல் அதற்குள் இரண்டடி ஏறியதால் சமாதானமானார்கள். அக்காவுக்கு இதில் இஷ்டமில்லை. “புஸ்தகம் தேடுறதுன்னா தேர் இழுக்கதுன்னு நெனச்சிட்டாங்க” என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

முதல் திங்கட்கிழமை லாஞ்ச் உரிமையாளர் சில்வேரா மோத்தா எங்கிருந்தோ நல்ல நாவல் ஒன்றை வாங்கிவந்தார். வாங்கியவர் சும்மா இருப்பாரா. ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தாலும் வெளிச்சம் வராத அளவுக்கு அதன்மேல் பெயரை எழுதுகிற ஊர் இது. முதல் பக்கத்தில் வழவழப்பான தாள் ஒட்டி, ‘உபயம்: அந்தோணி சில்வேரா மோத்தா, லாஞ்ச் உரிமையாளர், கதவு எண் நான்கு, மாதா கோயில் தெரு’ என்று அச்சடித்திருந்தார். அக்கா தேடுதலில் வெளியூர் போயிருந்ததால் அன்று படித்தது நான். மைக் பிடிக்கிறவனுக்கு முதல் தர்மம் உபயதாரர் பெயரைச் சொல்வது, முப்பது வருடமாகச் செய்கிற வேலை, அதைப் படித்துவிட்டுத்தான் கதைக்குள் போனேன். கடல் சிரிக்கவில்லை. சத்தமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது, பின்னாலும் போகவில்லை, முன்னாலும் வரவில்லை. மறுநாள் செவ்வாய், கருவாட்டுக்காரப் பெண்கள் அக்கா இல்லாத நூலகத்தைத் தாங்களே புரட்டி, மருத்துவ அடுக்கிலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்துக் கொடுத்தார்கள். அதன் முதல் பக்கத்திலும் ஓர் உபயம் பேனாவால் எழுதியிருந்தது. படித்தேன். அன்றும் கடல் அசையாமல் கேட்டது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடல் கரையிலிருந்து ஓர் ஆள் அகலத்துக்குக் கிளம்பி, தெருவோடு நடந்து வந்தது. இரண்டு பக்கமும் சனம் சப்பரம் பார்ப்பதுபோல நின்றது. காயப்போட்ட மிளகாயை நனைக்காமல் ஒதுங்கிப் போனது, எண் ஒன்று, இரண்டு, மூன்றைத் தாண்டி, நாலாம் எண் வீட்டுக்குள் நுழைந்தது. மோத்தாவின் வீட்டார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், அவர் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தனக்கு மரியாதை செய்யத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தார், பாவம், எழுந்து சட்டை போட்டுக்கொண்டு “வாங்க” என்றார். கடல் அரை மணி நேரம் அவர் முழங்கால் அளவில் காத்து நின்றது. நான் வாசலில் நின்று பார்த்தேன், அதன் சுவாசத்திலேயே புரிந்தது: கதையின் முதல் ஆளாக இவர் பெயரைக் கேட்டது, பிறகு இருபது பக்கத்தில் இவர் வரவே இல்லை, மேற்கொண்டு இவர் என்ன செய்தார் என்று கேட்கத்தான் வந்திருக்கிறது. மோத்தா அதற்குத் தான் கொடுத்த நன்கொடைகளை வரிசையாகச் சொன்னார். கோயிலுக்குக் கொடுத்த மின்விசிறி வரைக்கும் வந்தபோது கடல் அவரை நாற்காலியோடு எடுத்துக்கொண்டு, பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்கிறவர்போல அமைதியாகத் திரும்பிப் போனது. அவர் செருப்பு வாசலில் நனையாமல் கிடந்தது.

அப்போதுதான் முந்தின நாள் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. செவ்வாய்க்கிழமை நான் படித்த உபயம் என்ன தெரியுமா? ‘இதய நோயிலிருந்து மீண்டதற்கு நன்றியாக, உபயம்: சு. வியாகுலம், ஐஸ் கம்பெனி, கதவு எண் பதினாறு, கீழத் தெரு.’

வியாகுலம் அத்தான் அமலோற்பவம் அக்காவின் கணவர். நாலு வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சில் வலி வந்து குழாய் வைத்துப் பிழைத்தபோது, மெழுகுவர்த்திக்குப் பதிலாக நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கி வைக்கிறேன் என்று அக்கா நேர்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி நினைப்பிலேயே வாங்கிய புத்தகம், அட்டையில் டாக்டர் கோட்டு போட்ட கரடி இருந்ததால் அதை மருத்துவ அடுக்கில் வைத்ததும் அவரேதான். எந்த ரகப் புத்தகத்தைத் தேடி மூன்று ஜில்லா அலைந்தாரோ அது நாலு வருடமாக அவருடைய மேசைக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது, அவர் கையெழுத்தோடு.

அன்று நாலு மணி பஸ்ஸில் அக்கா வெறும் பையோடு இறங்கினார். நான் போய் நின்றேன்.

“நாந்தான்க்கா படிச்சேன். மைக்குல.”

அக்கா என்னைத் திட்டவில்லை. “வீட்டு நம்பரையும் சேத்தா படிச்ச?” என்று கேட்டார்.

“ஆமாக்கா.”

பஸ் கம்பியைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை, கண்டக்டர் இரண்டு தரம் விசில் கொடுக்க வேண்டியிருந்தது. மோத்தாவின் பெயரைக் கேட்டு இரண்டாம் நாள் கடல் புறப்பட்டது. அப்படியென்றால் அத்தானுக்கு நாளைக் காலை.

வியாகுலம் அத்தான் முப்பது வருடம் ஐஸ் கம்பெனியில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் சிரித்து இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை, கல்யாணப் போட்டோவில்கூடப் போலீசில் பிடிபட்டவர்போலத்தான் நிற்பார், புத்தகம் என்றால் ‘இல்லாததை எழுதி வச்சிருக்கான்’ என்று ஒதுக்கிவிடுவார். அவரை ஆட்டோவில் ஏற்றி மேற்கே செம்மணல் மேடான தேரிக்காட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஆட்டோ சங்கத்தார் அன்றைக்கே வந்தார்கள். கொண்டும் போனார்கள். ஆனால் அத்தானுக்கு ஓயாத இருமல், கடல் அதைப் பதினாறாம் எண் வீட்டிலிருந்து ராத்திரி பகலாகக் கேட்டுப் பழகியது, அவர் வழியில் இருமிய பக்கமெல்லாம் கரையில் தண்ணீர் ஒரு நாக்கை நீட்டித் திரும்பியது. “நூறு வீட்டுக்கு மேலால அது என்னைத் தேடி வர்றதுக்கு, என் வீட்டுலயே இருந்துக்கிடுதேன்” என்று அவர் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

வியாழன் காலை ஒன்பது மணிக்குக் கடல் கீழத் தெருவுக்கு வந்தது. பதினாறாம் எண் வீட்டு முற்றத்தில் அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டோடு, எதிரில் நான் மைக்கோடு. தொடங்கிய இரண்டு நாவலும் மிச்சம் இருந்தன, ஆனால் இப்போது கடலுக்கு வேண்டியது அத்தானின் கதை, வேறு எந்தப் புத்தகமும் இல்லை. அக்கா தானே எழுதியிருந்தார். தண்ணீர் நாற்காலிக் காலைத் தொட்டபோது படிக்கத் தொடங்கினார்.

“கீழத் தெரு வியாகுலம் அவர்களுக்கு நரகத்திலிருந்து ஒரு தபால் வந்தது. அங்கே உஷ்ணம் கூடிவிட்டதால் ஊழியர்களே வேலைக்கு வர மறுக்கிறார்கள் என்றும், நாளொன்றுக்கு நானூறு பார் ஐஸ் தேவைப்படுகிறதென்றும், அனுபவமுள்ள ஆபரேட்டர் உடனே புறப்பட்டு வர வேண்டும் என்றும், திரும்பிப் போக வழிச் செலவு தரப்படும் என்றும் எழுதியிருந்தது...”

நல்ல கதைதான். ஆனால் அக்காவின் குரல் நடுங்கியது, பயந்த குரலில் சொல்கிற வேடிக்கைக்கு யார்தான் சிரிப்பார்கள், தண்ணீர் அத்தானின் கணுக்காலுக்கு ஏறியது, முழங்காலுக்கு ஏறியது. அக்கா நிறுத்தாமல் படித்தார். வியாகுலம் நரகத்துக்குப் போகிறார், பெரிய இயந்திரத்துக்கு முன் நிற்கிறார், அமோனியா வால்வை இடப்பக்கமாகத் திருகுகிறார். தண்ணீர் மடிக்கு வந்தது.

“ஏட்டி” என்றார் அத்தான். “அமோனியா வால்வு இடப்பக்கம் தொறக்காது.”

“இது கதைங்க.”

“கதைன்னா? வால்வு வால்வுதான்.”

“நரகத்து வால்வு இடப்பக்கம் தொறக்கும்.”

“எந்தக் கம்பெனி வால்வு அது? பேரச் சொல்லு பாப்போம்.”

கடல் சிரித்தது. அத்தானின் மடியில் சிரித்தது, முழங்காலில் சிரித்தது, கணுக்காலில் சிரித்தது, சிரித்துக்கொண்டே முற்றத்தைவிட்டு இறங்கித் தெரு முனை வரை போய் அங்கே நின்று, மறுநாளுக்குக் காத்திருந்தது. அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அத்தான் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு, “வலப்பக்கம்னு திருத்தி எழுதிக்க” என்றார்.

அதிலிருந்து மண்டகப்படி நின்றது. கடலுக்கு வேறு கதை வேண்டாம், வியாகுலம் வேண்டும். தினமும் காலை பத்து மணிக்கு அக்கா புதுப் பக்கம் படிப்பார், அத்தான் ஆட்சேபணை சொல்வார், கடல் ஆட்சேபணைக்குச் சிரிக்கும். சாத்தான் கொடுத்த ரசத்தில் உப்பு பத்தவில்லை என்பார், நரகத்துக்கு ஞாயிறு விடுமுறை உண்டா என்று முதலிலேயே கேட்டுச் சொல்லியிருக்க வேண்டும் என்பார், ‘நான் எப்ப அப்படிச் சொன்னேன்?’ என்று நாளுக்கு ஒருமுறையாவது கேட்பார். ஐந்து மாதம் இப்படி நடந்தது. ஊர் நிம்மதியாகத் தூங்கியது, அக்கா தூங்கவில்லை. ஒரு நாள் பக்கம் சுமாராக இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், சோறு வடிக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். நானும் என் பழக்கத்தில், விசேஷ வீட்டுக்காரர்கள் பின்னால் கேட்பார்கள் என்று எதையும் பதிவு செய்து வைக்கிற பழக்கத்தில், அத்தனை நாளையும் பென் டிரைவில் பதிந்து வைத்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் அக்கா அவர்களுடைய கல்யாணப் போட்டோவைக் கதைக்குள் கொண்டுவந்தார். சாத்தான் அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவு துயரப்பட்ட ஆத்மா எங்கள் பதிவேட்டிலேயே இல்லையே, இவர் வேறு எந்தக் கிளையைச் சேர்ந்தவர்?’ என்று கேட்கிறான். அத்தான் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார்.

“எனக்கு அன்னைக்குப் புதுச் செருப்பு கடிச்சுது, ஏட்டி” என்றார். “அதான் அந்த மூஞ்சி. இருபத்தாறு வருசமா நீ கேக்கவே இல்லையே.”

“உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னுல்லா நெனச்சேன்.”

“செருப்பத்தான் பிடிக்கல” என்று சொல்லிவிட்டு அத்தான் சிரித்தார். இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு சத்தம், பழக்கமில்லாததால் எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சிரித்தார். கடல் திடுக்கிட்டுப் போனது. அது அன்று பின்வாங்கிய தூரத்தை நாங்கள் பிறகு அளந்து பார்த்தோம், முந்நூறு அடி, மைதானமும் வலைக்கூடத்துத் தூணும் கல்லறைத் தோட்டத்து மதிலும் பாசியோடு வெளியே வந்தன, பெண்கள் ஓடிப்போய்த் தங்கள் வீட்டுக் கல்லறைகளைத் தடவிப் பார்த்தார்கள்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு அத்தான் காப்பி கேட்டார், காப்பி வருவதற்குள் நாற்காலியிலேயே போய்விட்டார்.

பத்து மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அக்கா என் கடைக்கு நடந்து வந்தார். சேலை சரியாகக் கட்டியிருந்தார், பூ வைத்திருந்தார்.

“லியோன், கோயில்ல மணி அடிக்கக் கூடாதுன்னு சாமியார்கிட்ட சொல்லு. யாரும் அழக் கூடாது. அது அழுதா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியும்.”

“யாருக்குக்கா மணி?”

அக்கா சொன்னார். சொல்லிவிட்டு, “அவுக பேசுனதெல்லாம் ஒங்கிட்ட இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. அன்று பத்து மணிக்கு, உள்ளறையில் அத்தானைக் கிடத்திவிட்டு, முற்றத்தில் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா அன்றைய பக்கத்தைப் படித்தார், குரல் நடுங்கவே இல்லை. அவர் விரலைத் தூக்கியபோது நான் பட்டனை அழுத்தினேன். ‘வால்வு வால்வுதான்’ என்றார் வியாகுலம் அத்தான். கடல் சிரித்துவிட்டுப் போனது.

பகல் ஒரு மணிக்கு அவரை ஐஸ் கம்பெனி மீன் வேனில், மீனுக்கு நடுவில் வைத்து மேற்கே தேரிக்காட்டுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம். சாமியார், அங்கி சரசரக்கும் என்று பயந்து, கட்டம் போட்ட சட்டையில் வந்து வாய்க்குள்ளேயே ஜெபம் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் வியாகுலம் சாகவில்லை. சனிக்கிழமை தோறும் நாவிதர் பதினாறாம் எண் வீட்டுக்குப் போய்க் கத்தரியைச் சும்மா சொடுக்கிவிட்டு வருவார். பால்காரர் வாசலில் நின்று, “அண்ணாச்சிக்கு இருமல் எப்படி இருக்கு?” என்று உரக்கக் கேட்பார். வேறு யார் வீட்டிலாவது சாவு விழுந்தாலும் அடக்கிக்கொண்டு மேற்கே போய்த்தான் அழுகிறார்கள், கடலுக்குக் கேட்கிற தூரத்தில் யாரும் மூக்கைக்கூடச் சிந்துவதில்லை. என்னிடம் இருக்கிற சாவுப் பாட்டு ஒரு வருடமாக ஒலிக்கவில்லை.

பதிவில் அத்தானின் ஆட்சேபணைகள் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. அக்கா அவற்றை நூல்களைப்போலவே பதிவேட்டில் ஏற்றி எண் போட்டார். முப்பத்தொன்று, உப்பு பத்தல. ஐம்பத்தெட்டு, வெறும் இருமல். நூற்றுப் பன்னிரண்டு, நான் எப்ப அப்படிச் சொன்னேன். கடைசி எண்ணை அந்தச் சிரிப்புக்கென்று ஒதுக்கினார், அதை மட்டும் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், ஏன் என்று நான் கேட்டதில்லை. மற்ற கதாசிரியர்கள் கதையை எழுதிவிட்டுப் பேச்சை வைப்பார்கள். அக்கா முதலில் பேச்சை எடுத்துக்கொண்டு, இறந்தவர் ஏற்கெனவே சொன்ன பதில் பொருந்துகிற மாதிரி தினமும் ஒரு புதுக் கேள்வியை உருவாக்குகிறார். நரகம் முடிந்து, நிலா முடிந்து, இப்போது வியாகுலம் எறும்புகளுக்கு ஐஸ் கம்பெனி நடத்துகிறார்.

வாரத்துக்கு ஒருமுறை அக்கா இன்னமும் மதுரைக்குப் பஸ் ஏறுகிறார், புத்தகம் தேடத்தான் என்கிறார். போன மாதம் நானும் ஆம்ப்ளிபயர் பழுது பார்க்க அதே பஸ்ஸில் போனேன், கடையில் அவரைப் பார்த்தேன். கால்நடை அடுக்குக்கும் சோதிட அடுக்குக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து, சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார், அங்கிருந்து எங்கள் கடல் நூற்றைம்பது கிலோமீட்டர். கடைக்காரர் என்னிடம் மெதுவாக, “வாரா வாரம் வர்றாங்க சார். தேடுன புத்தகம் கிடைக்கலைன்னு இப்படி அழுவுறவங்கள நான் பார்த்ததே இல்ல” என்றார்.

இன்று காலையும் பத்து மணிக்கு மைக் வைத்தேன். எறும்புகளின் ராணி வியாகுலத்திடம், நேற்று நீங்கள்தானே இலவசமாகத் தருகிறேன் என்றீர்கள் என்று கேட்கிறாள். அக்கா படித்து முடித்து விரலைத் தூக்கவில்லை, நான் நூற்றுப் பன்னிரண்டைத் தொடவில்லை, அதற்குள் கடல் சிரித்தது.

நல்ல சிரிப்புதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அண்டா உருள்வது ஒரு கணம் முந்திவிட்டது. துக்க வீட்டுக்குப் போனவர்கள், அந்த வீட்டுக்காரர் எதையோ வேடிக்கையாகச் சொன்னால் முடிவதற்குள் சிரித்து வைப்பார்களே, அந்தச் சிரிப்பு அது. அக்காவும் கேட்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் முற்றத்துக்குள் வந்து, காலி நாற்காலியின் நாலு காலையும் ஒருமுறை சுற்றி, அக்காவின் பாதத்தில் கொஞ்ச நேரம் நின்றது. எவ்வளவு காலமாக அதற்குத் தெரியும், எதற்காகத் தெரியாததுபோல இருக்கிறது, எப்போது அதுவும் அழத் தொடங்கும் என்று யாரிடம் போய்க் கேட்பது.

அக்கா விரலைத் தூக்கினார். நான் பட்டனை அழுத்தினேன். “நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்றார் வியாகுலம் அத்தான். கடல் மரியாதையாக இன்னொரு தடவை சிரித்தது.